துணி இறக்கையில் ஒரு தூரப் பயணம்

குட்டி நண்பர்களே, கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும், இல்லையா? அந்த மலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரமான சிகரங்களுக்கு நடுவே, மேகத்துக்குள், தன்னந்தனியாக ஒரு பெண் விமானம் ஓட்டிச் சென்றார். அதுவும் எப்படிப்பட்ட விமானம் தெரியுமா? மரச்சட்டத்தில் செய்த, துணி போர்த்திய இறக்கைகள் கொண்ட, தலைக்கு மேல் கூரையே இல்லாத சின்ன விமானம்! அவர் பெயர் எமி ஜான்சன்.

எமி 1903 ஜூலை 1-ம் தேதி இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எமி, லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1928-ல் லண்டன் விமான சங்கத்தில் உறுப்பினராகி, வேலை போக மிச்சமுள்ள நேரத்தில் விமானம் ஓட்டக் கற்றார். அதோடு அவர் நிற்கவில்லை. கையில் எண்ணெய்க் கறை படிய, இன்ஜினைப் பிரித்து மாட்டவும் பழகினார். 1929-ல் விமானி உரிமம் பெற்றார். அதே ஆண்டில், விமானம் பழுதுபார்க்கும் உரிமமும் பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமம் பெற்ற முதல் பெண் அவர்தான்!

இந்த இரண்டாவது படிப்புதான் பின்னால் அவருக்குக் கை கொடுத்தது. எப்படி என்று கேளுங்கள்.

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்க வேண்டும் என்று எமி ஆசைப்பட்டார். பெர்ட் ஹிங்க்ளர் என்பவர் 1928-ல் பதினைந்தரை நாட்களில் அந்தத் தூரத்தைக் கடந்திருந்தார். அந்தச் சாதனையை முறியடிப்பதுதான் எமியின் குறிக்கோள். அப்பாவும், வேக்ஃபீல்டு பிரபு என்ற எண்ணெய் வியாபாரியும் பணம் கொடுக்க, 600 பவுனுக்கு ஒரு பழைய ‘ஜிப்சி மாத்’ விமானம் வாங்கப்பட்டது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். நடுவில் கட்டைகளும் கம்பிகளும் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். அதற்கு ‘ஜேசன்’ என்று பெயர் வைத்தார்.

1930 மே 5-ம் தேதி கிளம்பினார். துருக்கியின் டாரஸ் மலைகளில் மேகம் சூழ்ந்தது. கீழே ரயில் பாதையைப் பார்த்தபடியே பள்ளத்தாக்கு வழியாகத் தப்பித்து வந்தார். ஆறாவது நாள் கராச்சி! ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முன்னால் இருந்தார்.

அங்கிருந்து அலகாபாத் போகும் வழியில் பெட்ரோல் குறைந்தது. ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கியபோது இறக்கை அடிபட்டது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் அதைச் சரிசெய்து கொடுத்தார்.

பெரிய ஆபத்து ரங்கூனில் காத்திருந்தது. அப்போது பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். மே 13-ம் தேதி கொட்டும் மழையில் வழி தெரியாமல், இன்செய்ன் என்ற இடத்தில் தொழிற்கல்வி நிலைய விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். ஜேசனுக்கு பிரேக் கிடையாது! தரையில் ஓடிய விமானம் நேராகப் பள்ளத்தில் பாய்ந்தது. இறக்கை கிழிந்தது. விசிறி உடைந்தது. சக்கரத் தாங்கிகள் வளைந்தன. நல்லவேளை, எமிக்குக் காயமில்லை.

பயணம் அவ்வளவுதானா? இல்லை! அந்தக் கல்வி நிலையத்தார் ஓடி வந்தார்கள். சேர்ந்து வேலை செய்தார்கள். இறக்கைக்குத் துணி? முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தன. அவற்றைக் கிழித்து ஒட்டுப் போட்டார்கள்! எமி முன்யோசனையோடு விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டு வந்த உபரி விசிறி, உடைந்ததற்குப் பதிலாக ஏறியது. மே 16-ம் தேதி ஜேசன் மறுபடியும் பறந்தது.

ஆனால் மூன்று நாட்கள் போய்விட்டன. சாதனையும் கைநழுவியது. இனி எதற்கு இந்தக் கஷ்டம் என்று எமி திரும்பிவிடவில்லை. சிங்கப்பூர், ஜாவா, திமோர் என்று தாவித் தாவி, மே 24-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். ஏறக்குறைய 17,700 கிலோமீட்டர்! இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெருமை அவருக்கே கிடைத்தது. ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ஜேசன் வேலியில் மோதிக் கவிழ்ந்தபோதும், அவர் காயமின்றி எழுந்து வந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது, புதிய விமானங்களை விமானப்படைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் எமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ம் தேதி, மோசமான வானிலையில் அவரது விமானம் தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் விழுந்தது. அவரைக் காப்பாற்றக் குளிர்ந்த நீரில் குதித்த கப்பல் அதிகாரி வால்ட்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

ஜேசன் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் சைக்கிள் செயின் கழன்றால் உடனே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், குட்டி நண்பர்களே. நீங்களே மாட்டிப் பாருங்கள். எண்ணெய்க் கறை பட்டால் படட்டும்!