குறி தவறாத குண்டுக்குக் கணக்குச் சொன்னவர்
கடலூர்க் கோட்டையில் உயிர்விட்ட மேதை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் கரையில், செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1751-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, அந்தக் கோட்டையில் ஓர் ஆங்கிலேயர் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 44.

அவர் பெரிய கணித மேதை. துப்பாக்கிக் குண்டு குறி தவறுவது ஏன் என்று உலகத்துக்கு விளக்கியவர். பெயர், பெஞ்சமின் ராபின்ஸ்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ராபின்ஸ் 1707-ம் ஆண்டில் இங்கிலாந்தில் உள்ள பாத் நகரில் பிறந்தார். பெற்றோர் ஏழைகள். "குவேக்கர்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரே கூடாது என்பது அந்தப் பிரிவினரின் கொள்கை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் பிற்காலத்தில் துப்பாக்கியை ஆராய்ந்தது!

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கணிதத்தில் அபார மூளை. லண்டனுக்குச் சென்று, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். 20-வது வயதிலேயே "ராயல் சொசைட்டி" என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் அங்கத்தினர் ஆகிவிட்டார்.

ஊஞ்சல் சோதனை

துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது? அதை அளக்க ராபின்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கனமான பலகையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதன்மீது சுட்டார். பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை ஒரு நாடாவால் அளந்தார். கணக்குப் போட்டார். விநாடிக்குச் சுமார் 1,700 அடி வேகம்!

காற்று லேசானது, ஈயக் குண்டை அது என்ன செய்துவிடும் என்று அறிஞர்களே நினைத்திருந்தார்கள். அந்த வேகத்தில் காற்று, குண்டின் எடையைப்போல் 120 மடங்கு பலத்துடன் அதை எதிர்க்கிறது என்று ராபின்ஸ் காட்டினார். இதையெல்லாம் 1742-ல் புத்தகமாக வெளியிட்டார். புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1746-ல் ராபின்ஸுக்குக் "காப்ளி" பதக்கம் கிடைத்தது.

குண்டு சிறிதா, பெரிதா?

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் வாய் வழியாகத்தான் மருந்து போடவேண்டும். பிறகு உருண்டையான ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கோலால் உள்ளே தள்ளவேண்டும்.

சாதாரணத் துப்பாக்கியில் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். குண்டு குழலைவிடச் சிறிதாக இருக்கும். போடுவது சுலபம். ஆனால், சுடும்போது குண்டு குழலில் இடித்து உருண்டுகொண்டு வரும். வெளியே வந்ததும் தாறுமாறாகச் சுழலும். எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

"ரைபிள்" துப்பாக்கி வேறு வகை. அதன் குழலுக்குள் திருகாணிபோல் புரி வெட்டியிருக்கும். குண்டு அந்தப் புரியைப் பற்றிக்கொண்டால், பம்பரம்போல் சுழன்று நேராகச் செல்லும். அப்படிப் பற்றவேண்டுமானால் குண்டு சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். அதைச் சுத்தியால் அடித்துத்தான் இறக்கவேண்டும். எதிரி பாய்ந்து வரும்போது அதற்கு நேரம் ஏது?

கொழுப்புத் தடவிய துணி

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சில இடங்களில் இதற்கு ஒரு யுக்தி இருந்தது. மெல்லிய தோலையோ முரட்டுத் துணியையோ, குழலின் வாயைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக வெட்டுவார்கள். ஒரு பக்கத்தில் கொழுப்புத் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வாயில் வைப்பார்கள். அதன்மேல் குண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தள்ளுவார்கள். துணி குண்டின் கீழ்ப்பாதியைப் போர்த்திக்கொள்ளும். புரியைத் துணி பற்றும். குண்டையும் துணியே பற்றும். ஈயம் சிதையாது.

இந்த முறையை ராபின்ஸ் 1747-ல் விளக்கினார். இதற்குப் புரி ஆழமாக இருக்கக்கூடாது, குண்டும் மிகப் பெரிதாக இருக்கக்கூடாது என்று எச்சரித்தார். குண்டு பெரிதானால் உள்ளே போகாது. சிறிதானால் துணிக்குப் பிடிப்பு இருக்காது. இன்றும் பழைய மாதிரி ரைபிளைச் சுட்டுப் பழகுகிறவர்கள் இந்தப் பொருத்தத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். குழலின் அகலம் அரை அங்குலம் என்றால், குண்டு அதைவிட ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு குறைவாக இருப்பது வழக்கம். மிச்ச இடத்தைத் துணி அடைத்துக்கொள்ளும்.

கடலூரில் முடிவு

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைப் பலப்படுத்த ஒரு நிபுணர் தேவைப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமை என்ஜினீயராக அனுப்பியது. 1750-ல் அவர் வந்து சேர்ந்தார். சென்னைக்கும் கடலூருக்கும் கோட்டைத் திட்டங்கள் வகுத்தார்.

வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டது. எழுந்து மறுபடியும் வேலையில் இறங்கினார். அடுத்த ஆண்டில் உயிர் பிரிந்தது. அப்போதும் அவர் கையில் பேனா இருந்தது என்று சொல்வார்கள்.

ரைபிளின் அருமையை எந்த நாடு முதலில் உணர்கிறதோ, அந்த நாட்டின் படையே மேலோங்கும் என்று ராபின்ஸ் எழுதியிருந்தார். அதை உணர உலகத்துக்கு நூறு ஆண்டு பிடித்தது. 1850-ஐ ஒட்டித்தான் பெரிய நாடுகளின் படைகள் ரைபிளுக்கு மாறின.

அவர் பலப்படுத்த வந்த கடலூர்க் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். அவர் போட்ட கணக்கு மட்டும் நிலைத்து நிற்கிறது.