சம்பளமின்றிக் கற்பித்த எமி நோதர்

சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது. பாடசாலையில் இதை மனனம் செய்யாதவர்கள் நம்மில் குறைவு. அது ஏன் அப்படி என்பதற்கு விடை தந்தவர் ஒரு பெண் என்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

எமி நோதர் 1882 மார்ச் 23ஆம் திகதி ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். பெண்கள் பாடசாலைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கத் தகுதி பெற்றிருந்தும் நோதர் கணிதத்தையே தெரிவு செய்தார். பல்கலைக்கழகத்தில் பெண்களை முறையாகச் சேர்க்காத காலம் அது. விரிவுரையாளர்களிடம் அனுமதி கேட்டே வகுப்பில் அமர்ந்தார். 1907இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும், ஏழு வருடங்கள் அங்கே சம்பளமின்றியே பணியாற்றினார்.

1915இல் டேவிட் ஹில்பர்ட்டும் பீலிக்ஸ் கிளைனும் அவரைக் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டில் சக்திக் காப்பு பற்றி எழுந்திருந்த சிக்கலுக்கு அவரது அறிவு தேவைப்பட்டது. ஆனால், ஒரு பெண்ணுக்கு விரிவுரையாளர் தகுதி வழங்கப் பீடத்தில் பலர் மறுத்தனர். எனவே ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட விரிவுரைகளை நோதர் நடத்தினார்.

அந்த நிலையில்தான் 1918இல் தனது புகழ்பெற்ற தேற்றத்தை வெளியிட்டார். ஒரு பொருள் செல்லும் பாதையை ‘ஆக்‌ஷன்’ எனும் கணியத்தைக் கொண்டு கண்டறியலாம். பாதையை மிகச் சிறிதளவு மாற்றிப் பார்த்தால், எந்தப் பாதையில் அக்கணியம் ஏறக்குறைய மாறாதிருக்கிறதோ அதுவே உண்மையான பாதை. இந்த ஆக்‌ஷனின் ஒவ்வொரு தொடர்ச்சியான சமச்சீருக்கும் ஒரு காப்பு விதி உண்டு என நோதர் நிறுவினார். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே. அதனால் சக்தி காக்கப்படுகிறது. இங்கும் அங்கும் ஒன்றே. அதனால் உந்தம் காக்கப்படுகிறது. இன்று குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஆக்‌ஷனுடன் புதிய உறுப்பொன்றைச் சேர்ப்பவர்கள், எந்தச் சமச்சீர் நிலைக்கிறது, எது முறிகிறது என்பதைப் பார்க்காமல் நகர்வதில்லை.

1919இல்தான் சொந்தப் பெயரில் கற்பிக்கும் உரிமை கிடைத்தது. சிறு கொடுப்பனவு கிடைக்க 1923 வரை காத்திருந்தார். 1933இல் நாஸி அரசு யூதர் என்பதால் அவரைப் பதவி நீக்கியது. அவரோ மாணவர்களை வீட்டுக்கு அழைத்துப் பாடம் நடத்தினார். நாஸிச் சீருடையில் வந்த மாணவருக்கும் மனங்கோணாமல் கற்பித்தார். பின்னர் அமெரிக்காவின் பிரின் மோர் பெண்கள் கல்லூரிக்குச் சென்றார். 1935 ஏப்ரல் 14ஆம் திகதி, சத்திரசிகிச்சை ஒன்றின் பின்னர், 53ஆவது வயதில் காலமானார்.

அவரையும் அவரைப் போன்றவர்களையும் வெளியேற்றிய கொட்டிங்கன், கணித உலகில் தான் வகித்த முதலிடத்தை இழந்தது. அறிவுள்ளவருக்குக் கதவை மூடுவோர் யாராக இருந்தாலும், நட்டம் கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கே.