நீச்சற்குளத்தோடு ஒரு ஜெப ஆலயம்

நம் ஊர்க் கோயிலில் குளம் இருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. கோயில் என்றால் குளம் இருக்கும். ஆடுவதற்கு மண்டபம் இருக்கும். தூண்தோறும் சிற்பம் இருக்கும். திருவிழா வந்தால் கடைத்தெருவே உள்ளே புகுந்துவிடும். ஆனால் 1918-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து 86-ஆம் தெருவில், யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று நீச்சற்குளத்தோடும் தேகப்பயிற்சிக் கூடத்தோடும் எழுந்தபோது, அது பலருக்குப் பெரும் புதுமையாக இருந்தது. கடவுளை வணங்க வருகிறவனுக்குக் குளியலாடை எதற்கு என்று கேலி செய்தவர்களும் உண்டு.

அந்த ஆலயத்தின் முதல் குரு மொர்தெகாய் காப்லன். விவிலியத்தில் எஸ்தர் அரசியின் கதையைப் படித்தவர்களுக்கு முதற்பெயர் பழக்கமானதாக இருக்கும். இன்று அமெரிக்க நகரங்களில் யூத சமூக நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. காலையில் முதியவர்கள் தண்ணீரில் நின்று கைகால்களை நீட்டிப் பயிற்சி செய்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். சுவர்களில் ஓவியக் கண்காட்சி மாட்டியிருக்கிறது. இவை அனைத்தையும் காப்லனே தொடங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு முன்பே பலர் தொடங்கினார்கள். ஆனால், ஒரு சமூகம் பிழைத்திருப்பதற்கு உடற்பயிற்சி வகுப்பும் சித்திரக் கண்காட்சியும் ஏன் வேண்டும் என்பதை உட்கார்ந்து யோசித்து, அதற்காக வசையும் வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தூண்டுதலாக இருந்தது நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம். சந்தாப் பணத்தில் நூல்கள் வாங்குவதா, கேரம் பலகையும் பாட்மிண்டன் மட்டைகளும் வாங்குவதா என்று ஆண்டுதோறும் நாம் சண்டையிடுகிறோம். ஒரு சாரார், விளையாடத்தான் பல்கலைக்கழகத்து மைதானம் இருக்கிறதே, தமிழ்ச் சங்கம் எதற்கு என்கிறார்கள். மறு சாரார், நூல்களை மட்டும் வைத்தால் பூச்சிதான் படிக்கும் என்கிறார்கள். காப்லனின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே வழக்குத்தான் நடந்தது என்றால் நம்புவீர்களா?

அவர் பிறந்தது 1881-ஆம் ஆண்டில், லித்துவேனியாவில் வில்னா நகருக்கு அருகிலுள்ள ஸ்வென்ஸியன் என்னும் சிற்றூரில். அப்பொழுது அது ருஷ்யப் பேரரசின் பகுதி. தந்தை இஸ்ரவேல் காப்லன் கற்றறிந்த குரு. ஜார் ஆட்சியில் யூதர்கள் பட்ட அல்லல் காரணமாக அந்நாளில் பல இலட்சம் பேர் கப்பலேறினார்கள். 1881 முதல் 1924 வரை ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்றனர். சிறுவன் மொர்தெகாய் 1889-இல், எட்டு வயதில், நியூயார்க் வந்து சேர்ந்தான்.

வந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறியது நகரின் கீழ்க்கிழக்குப் பகுதி. காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வீடுகள், தையல் எந்திரங்களின் இரைச்சல், தெருவெல்லாம் தள்ளுவண்டிகள். ஓடியாட ஒரு சாண் இடமில்லை. முன்பே வந்து வசதி பெற்றிருந்த யூதர்கள் இவர்களுக்காக 1889-இல் ‘கல்விக் கூட்டணி’ என்ற நிலையத்தை ஏற்படுத்தினார்கள். அங்கே ஆங்கிலம் கற்பித்தார்கள், உடற்பயிற்சி அளித்தார்கள், ஓவியமும் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் அந்தத் தெருக்களில் வளர்ந்து அந்த ஓவிய வகுப்பில் பயின்றவர். காப்லனைவிட ஒரு வயதுதான் மூத்தவர். உருவம் செய்வதைத் தடுக்கும் கட்டளையைப் பத்துக் கட்டளைகளில் ஒன்றாகப் போற்றும் சமூகத்தில், ஒரு பையன் களிமண்ணைப் பிசைந்து மனித உருவம் செய்யப் புறப்பட்டான் என்றால் அது சிறிய காரியமா?

காப்லன் சென்ற பாதை வேறு. அவர் நகரக் கல்லூரியிலும், யூத இறையியல் கல்லூரியிலும், கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1902-இல் குருப்பட்டம் பெற்றார். இதற்கிடையில் வீட்டுக்கு வந்துபோன ஆர்னால்டு எர்லிக் என்ற விவிலிய அறிஞரின் பேச்சு அவர் மனத்தில் ஐயத்தை விதைத்துவிட்டது. மறைநூல் முழுவதும் மோசேக்கு இறைவன் சொல்லச் சொல்ல எழுதியது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பழைமை வழுவாத சபை ஒன்றில் பணியில் அமர்ந்திருந்த இளைஞனின் தவிப்பை எண்ணிப் பாருங்கள். தொழிலை விட்டுவிட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்கப் போகலாமா என்றுகூட அவர் யோசித்ததுண்டு. 1909-இல் சாலமன் ஷெக்டர் என்னும் பேரறிஞர் அவரை அழைத்து, ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராக்கினார். தவிப்பு தீரவில்லை. ஆனால் தவிப்போடு வாழ ஓர் இடம் கிடைத்தது. அந்தக் கல்லூரியில் அவர் 1963 வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், பாடம் சொன்னார்.

அந்நாளில் யூத இளைஞர்களுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று ஜெப ஆலயம். மற்றொன்று யூத இளைஞர் சங்கம். சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய தேகப்பயிற்சிக் கல்லூரியின் வாயிலாக ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்துவ இளைஞர் சங்கத்தை நாம் அறிவோம் அல்லவா? அதற்கு இணையாக யூதர்கள் அமைத்துக்கொண்டது ஒய்.எம்.எச்.ஏ. முதல் சங்கம் 1854-இல் பால்டிமோரில் தோன்றியது. நியூயார்க் சங்கம் 1874-இல். தொடக்கத்தில் அவை வாசகசாலைகளாகவும் பேச்சு மன்றங்களாகவுமே இருந்தன. பின்னர் தேகப்பயிற்சிக் கூடம் சேர்ந்தது. 1900-இல் நியூயார்க் சங்கம் ஜேக்கப் ஷிஃப் என்ற செல்வரின் கொடையால் 92-ஆம் தெருவில் பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அந்தச் சங்கத்தின் சமயப் பணிகளில் காப்லன் சில ஆண்டுகள் ஈடுபட்டார். அங்கே அவர் கண்டது என்ன? இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பந்தடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். எந்த மரபைச் சேர்ந்தவர்கள் என்ற நினைவே அவர்களுக்கு இல்லை. ஜெப ஆலயத்திலோ மரபு இருக்கிறது, இளைஞர் இல்லை. ஓரிடத்தில் உடல் இருக்கிறது, மற்றோரிடத்தில் உயிர் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் சேர்க்கலாகாதா என்று அவர் கேட்டார்.

இதில் அவர் கண்ட நுட்பம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஜெப ஆலயத்துக்கு எபிரேய மொழியில் வழங்கும் பெயருக்குக் ‘கூடும் வீடு’ என்பதே பொருள். தொழும் வீடு, கற்கும் வீடு என்பவற்றுக்கு அம்மொழியில் தனிச் சொற்கள் உண்டு. ஆகவே மக்கள் கூடிச் செய்யும் எதையும் அங்கே செய்யலாம். அது புதுமை அன்று, மறந்துபோன பழைமை என்பது அவர் வாதம். மேலும், மதம் என்பது நம்பிக்கைகளின் பட்டியல் அன்று, ஒரு மக்கட்கூட்டத்தின் முழு வாழ்வு என்றார். முதலில் ஒருவன் தன் கூட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். நம்பிக்கையும் ஒழுக்கமும் அந்த ஒட்டுதலிலிருந்துதான் பிறக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

86-ஆம் தெருவுக்குக் குடிவந்திருந்த வணிகர்கள் சிலர் பணம் கொடுக்க முன்வந்தனர். பல மாடிக் கட்டடம் எழுந்தது. தொழுகைக் கூடம், பள்ளி அறைகள், கூட்ட மண்டபம், தேகப்பயிற்சிக் கூடம், நீச்சற்குளம் எல்லாம் ஒன்றாக அமைந்தன. ‘யூத நிலையம்’ என்று பெயரிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் புரூக்ளினிலும் பிற நகரங்களிலும் இதே போன்ற நிலையங்கள் வரிசையாகத் தோன்றின.

ஆனால் கட்டடம் கட்டுவது எளிது. கட்டியவர்களோடு காலம் தள்ளுவது கடினம். நிலையத்துச் செல்வர்களில் பலர் ஆடை உற்பத்தித் தொழிலில் இருந்தவர்கள். குருவோ மேடையில் ஏறித் தொழிலாளர் உரிமை பேசினார். 1920-இல் யூத சமயத்தைப் புதுப்பித்துக் கட்ட வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். நீச்சற்குளத்தை ஏற்றுக்கொண்டவர்களால் இதை ஏற்க முடியவில்லை. 1922-இல் அவர் பதவியைத் துறந்து, உடன் வந்த சில குடும்பங்களோடு அதே தெருவில் வேறொரு சபையைத் தொடங்கினார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அந்தச் சபையில் அவருடைய பன்னிரண்டு வயது மகள் ஜூடித் எல்லார் முன்னிலையிலும் மறைப்பகுதியைப் படித்தாள். ஆண்பிள்ளைக்கு மட்டுமே நடந்துவந்த சடங்கு, அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு நடந்தது. காப்லனுக்கு நான்கும் பெண்கள். இந்தச் சீர்திருத்தத்துக்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா!

அவருடைய சிந்தனையெல்லாம் திரண்ட பெருநூல் 1934-இல் வெளிவந்தது. யூத சமயம் ஒரு நாகரிகம் என்பதே அதன் தலைப்பும் சாரமும். நிலம், மொழி, இலக்கியம், வழக்கம், சட்டம் இவற்றோடு கலையையும் அந்த நாகரிகத்தின் உறுப்பாக அவர் வைத்தார். கலை இல்லாத மக்கள், தம் உள்ளத்தைத் தாமே காண முடியாத மக்கள் என்று கருதினார். ஏட்டில் எழுதியதோடு நிற்கவுமில்லை. டெமிமா கெசாரி என்ற இளம் ஓவியரைத் தம் பயிற்சிப் பள்ளியில் கலை கற்பிக்க அமர்த்தினார். சபையின் சுவருக்கும் அவர் கையாலேயே பெரிய ஓவியங்கள் வந்தன. உருவத்துக்கு அஞ்சிய மரபில் அது பெரிய மாறுதல் என்றே நான் நினைக்கிறேன். நீச்சற்குளத்தைவிடவும் பெரிது.

1945-இல் அவருடைய குழுவினர் புதிய வழிபாட்டு நூல் ஒன்றை வெளியிட்டனர். இறைவன் தேர்ந்தெடுத்த மக்கள் யூதர்கள் மட்டுமே என்ற கருத்தை அதிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம், நியூயார்க் நகரத்து விடுதி ஒன்றில், பழைமைவாதக் குருமார் கூடி அவரைச் சமயத்திலிருந்து விலக்கிவைத்தனர். அந்நூலின் பிரதி அங்கே தீயிலிடப்பட்டது. ஐரோப்பாவில் 60 இலட்சம் யூதர்களைக் கொன்ற கொடுமை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1933-இல் நாஜிகள் பெர்லின் வீதியில் நூல்களை எரித்ததை உலகம் மறந்திருக்கவில்லை. அந்த வேளையில் ஒரு யூதர் எழுதிய வழிபாட்டு நூலை யூதர்களே எரித்தார்கள். அவருடன் கற்பித்த பேராசிரியர்கள் சிலரும் அவரைக் கண்டித்து எழுதினார்கள். காப்லன் கல்லூரியை விட்டுப் போகவில்லை. மறுநாளும் பாடம் சொல்ல வேண்டியிருந்த மனிதர்களுள் ஒருவராகவே அவரை நான் நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, அவர் எண்ணியது நிறைவேறியதா? விளையாட வந்தவர்கள் தொழவும் நின்றார்களா? பல ஊர்களில் நிற்கவில்லை என்பதுதான் உண்மை. குளத்துக்கு வந்தவர்கள் குளத்தோடு போனார்கள். காலப்போக்கில் நீச்சற்குளம் ஜெப ஆலயத்தைவிட்டுப் பிரிந்து, சமூக நிலையம் என்ற தனி வீட்டுக்குப் போய்விட்டது. எதிரிகள் சொன்னது சரியாயிற்று என்று வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 92-ஆம் தெருச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் அது நடனத்துக்கு மேடை தந்தது. 1960-இல் ஆல்வின் ஏலி என்ற நீக்ரோவினக் கலைஞர் தம் இனத்தாரின் துயரையும் நம்பிக்கையையும் ஆடிக் காட்டிய புகழ்பெற்ற நாட்டியம் முதன்முதலாக அரங்கேறியது யூதர்களின் அந்த மேடையில்தான். பந்தடிக்க வந்தவர்களின் சங்கம் பிற மக்களின் கலைக்கும் வீடாகிற அளவுக்கு வளர்ந்தது. கதவைத் திறந்து வைத்தால் யார் உள்ளே வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

நம் சங்கத்து வழக்கிலும் நான் கேரம் பலகைக் கட்சிதான். ஆனால் ஒரு நிபந்தனை: அது இருக்கும் அறையிலேயே நூல் அலமாரியும் இருக்க வேண்டும். முறைக்காகக் காத்திருப்பவன் சும்மாவா நிற்பான்? எதையேனும் எடுத்துப் புரட்டுவான். சுவர் வெறுமையாக இருக்கிறது; படம் வரையத் தெரிந்த நண்பர்கள் நம்மிடையே இல்லாமலும் இல்லை.

காப்லனின் முதல் மனைவி லீனா 1958-இல் காலமானார். மறு ஆண்டு, எழுபத்தெட்டாம் வயதில், ரிவ்கா ரீகர் என்ற ஓவியரை அவர் மணந்தார். கலைமீது அவர் கொண்ட பற்று ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் போலும். 1968-இல் அவர் வழிவந்தோர் பிலடெல்பியாவில் குருமார் கல்லூரி ஒன்றை நிறுவினர். 1913 முதல் பல்லாண்டுகள் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு 27 தொகுதிகளாக நிற்கிறது. உலகத்துக்கு அறிவுரை சொன்னவர் தனிமையில் தம்மை எவ்வளவு ஐயுற்றார் என்பதை அதில் காணலாம். 1983 நவம்பரில், 102-ஆம் வயதில், நியூயார்க் நகரில் அவர் மறைந்தார்.

அவர் முதலில் கட்டிய நிலையம் 86-ஆம் தெருவில் இன்றும் இருக்கிறது. அது அவர் கொள்கையை ஏற்காத பழைமைச் சபையாகவே நடக்கிறது. அங்கிருந்து தெற்கே பத்துத் தெரு நடந்தால், 76-ஆம் தெருவில், 2002-இல் திறக்கப்பட்ட மன்ஹாட்டன் யூத சமூக நிலையம் நிற்கிறது. அதில் நீச்சற்குளம் உண்டு. தேகப்பயிற்சிக் கூடம் உண்டு. நம் நாட்டு யோகாசனத்துக்கு வகுப்பும் உண்டு. கண்காட்சிக்கூடத்தை மாடியில் ஒளித்து வைக்காமல் முன்கூடத்திலேயே அமைத்திருக்கிறார்கள். துண்டும் பையுமாக நீந்த வருகிறவர்கள் ஓவியங்களைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.