பேராசிரியர் துரைராஜா காணாத பீடம்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தைக் கடக்கும்போதெல்லாம் பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைத்துக்கொள்வேன்.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவர். கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வுக்கட்டுரை மண் பொறியியலில் இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பெயரோடு அங்கேயே இருந்திருக்கலாம். நாடு திரும்பிப் பேராதனையில் கற்பித்தார், பொறியியல் பீடாதிபதியுமானார்.

1988இல் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் துணைவேந்தரும் சைக்கிளில்தான் போய்வந்தார். என் மனம் ஆறாதது வேறொன்று: அந்தப் பொறியியலாளர் நடத்திய பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கவில்லை. பொறியியல் படிக்க எங்கள் பிள்ளைகள் கிளாலிக் கடலைத் தாண்டிப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகவேண்டியிருந்தது.

1994 யூனில் அவர் காலமானார். கிளிநொச்சியில் பொறியியல் வகுப்புகள் தொடங்கியது 2014இல்.