தோற்ற வழக்கில் வென்ற வீரர்: கர்ட் ஃபிளட்

அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விரும்பிய அணியில் சேரும் உரிமையை இன்று பெற்றிருப்பதற்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் கர்ட் ஃபிளட். ஆனால், அந்த உரிமையின் பயன் அவருக்குக் கிடைக்கவில்லை.

டெக்சாஸ் மாகாணத்தின் ஹூஸ்டன் நகரில் 1938-ஆம் ஆண்டு பிறந்த ஃபிளட், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தார். 1958 முதல் 12 பருவங்கள் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக ஆடினார். அந்த அணி 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் வெல்லத் துணை நின்றார். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை தொடர்ந்து 7 முறை பெற்றார்.

1969 அக்டோபரில் கார்டினல்ஸ் நிர்வாகம், அவரது சம்மதத்தைக் கேட்காமலேயே, பிலடெல்பியா அணிக்கு அவரை மாற்றியது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவோ, பிற அணிக்கு மாற்றவோ உரிமையாளருக்கு அதிகாரம் அளித்த 'ரிசர்வ்' விதியே அப்போது நடைமுறையில் இருந்தது. மறுக்கும் வீரருக்கு ஆட்டத்தை விட்டு விலகுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆண்டுக்கு 90,000 டாலர் ஊதியம் பெற்றுவந்த ஃபிளட், விருப்பத்தைக் கேளாமல் கைமாற்றப்படும் உடைமை அல்ல தாம் என்று பேஸ்பால் ஆணையர் பவி கூனுக்கு அந்த டிசம்பரில் கடிதம் எழுதினார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டதால், 1970 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தார். வீரர்கள் சங்கம் ஆதரவளித்தது; ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் சாட்சியம் அளித்தார். எனினும், அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு 1922-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கிடைத்த விலக்கை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 1972 ஜூன் 19-இல் 5-3 என்ற பெரும்பான்மையில் ஃபிளட்டின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 1970 பருவம் முழுவதும் ஆடாதிருந்த அவர், 1971-இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்களில் மட்டும் ஆடிவிட்டு விலகியிருந்தார்.

எனினும், அவர் எழுப்பிய கேள்வி ஓயவில்லை. 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னலி ஆகியோர் தொடர்பான விவகாரத்தில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பு, ரிசர்வ் விதியின் பிடியைத் தகர்த்தது. அதன் பின்னர் வீரர்களின் ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது.

தொண்டைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஃபிளட், 1997 ஜனவரி 20-இல் தமது 59-ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டு, மேஜர் லீக் வீரர்களுக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டப் பாதுகாப்பை வழங்கி அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது.