சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஈழ நாட்டிலே பிறந்து, கல்வியாலும் பதவியாலும் உயர்ந்து, ஈற்றில் தம் வாக்கை நம்பிய தமிழ் மக்களுக்கு மறுமொழி கூற வேண்டிய நிலைக்கு ஆளான பெரியார் ஒருவரின் சரிதத்தை இம்மலரில் எழுத முன்வந்தோம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் தீவகத்திற் பிறந்தவரல்லர். எனினும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் பிறந்து, தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்துப் பிழைத்த நம்மவர் வழி வந்தோர்க்கு அவர் கதை அந்நியமானதன்று. வடக்கிற்கு வெளியே வாழும் தமிழனுக்கு நாட்டின் அரசியலிலே இடம் உண்டா என்ற வினாவே அவரைக் காங்கிரஸை விட்டு வெளியேறச் செய்தது.

அவர் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே கேற் முதலியார் பொன்னம்பலத்திற்கு மூன்றாம் மைந்தராய்ப் பிறந்தார். குமாரசுவாமியும் இராமநாதனும் தமையன்மார். சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமன். 1833 முதல் சட்டநிரூபண சபையிலே உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவரை இனம் பார்த்தே தேசாதிபதி நியமித்து வந்தார். தமிழருக்கென இருந்த ஒற்றை ஆசனத்தில் இந்த மாமனும் தமையன்மார் இருவரும் ஒருவர் பின் ஒருவராய் அமர்ந்தனர். ஒரு குடும்பத்துச் சொத்துப் போல ஓர் இனத்தின் பிரதிநிதித்துவம் கைமாறிய காலம் அது! தம்பியாரோ வேறு வழியே சென்றார்.

கொழும்பிற் கல்வி கற்றுப் பரிசில் பெற்று, கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிலே பயின்ற அருணாசலம், 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் ஆனார். நீதிபதியாகவும், பின்னர் பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றினார். ஆங்கிலக் கல்வி அவரைத் தம் சமயத்தினின்றும் பிரிக்கவில்லை. மிஷன் பாடசாலைகளிற் படித்த நம் போன்றோர் இதனை ஊன்றிக் கவனித்தல் நன்று. மாணிக்கவாசகரையும் தாயுமானவரையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கேம்பிறிட்ஜ் நண்பர் எட்வேட் காப்பென்டர் 1890இல் இங்கு வந்தபோது அவரை ஒரு ஞானியிடம் அழைத்துச் சென்றவரும் இவரே.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. முப்பத்தைந்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் எண்ணப்பட்டனர். கரைநாட்டுச் சிங்களவர், கண்டிச் சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர் என்று பிரித்தே எண்ணினர். அந்தத் தொகைகளை அவரினும் நன்கறிந்தார் எவருமிலர். இருபது ஆண்டுகளின் பின் அத்தொகைகளே அவருக்கு எதிராய் நின்றன.

1913இல் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறினார். மறு ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. வயது அறுபது. மற்றையோர் சாய்மனைக் கதிரையை நாடும் பருவத்தில் அவர் பொதுவாழ்வில் இறங்கினார். 1915இல் சமூக சேவைச் சங்கம், 1917இல் சீர்திருத்தச் சங்கம், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் என ஒன்றன்பின் ஒன்றாய்த் தோற்றுவித்தார். தோட்டத்தை விட்டு அறிவித்தலின்றிச் சென்ற கூலியாளைச் சிறையிலிடும் சட்டத்தையும், கடன்பட்ட தொழிலாளியைக் கங்காணியிடமிருந்து கங்காணிக்கு மாற்றிய துண்டு முறையையும் அவர் விடாது எதிர்த்தார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. யாழ்ப்பாணத்துக் கனவான்கள் பலர் மலைநாட்டுத் தொழிலாளரைத் தம்மவராய்க் கருதாத அந்நாளில் அவர் இதைச் செய்தார் என்பதை நாம் தனியே குறித்துச் சொல்ல விரும்புகிறோம்.

இனிக் காங்கிரஸ் வரலாறு. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்து, பிரதேசவாரியாக மக்களே அங்கத்தவரைத் தெரிய வேண்டும் என்பது அருணாசலத்தின் கொள்கை. தமையனார் இராமநாதனுக்கு இதில் நம்பிக்கையில்லை. யாழ்ப்பாணச் சங்கத்தாரும் அஞ்சினர். தலையெண்ணி வாக்களித்தாற் சிறுபான்மையினர் கதி யாது என்று கேட்டனர். அவ்வச்சத்தைப் போக்க, ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசெம்பரில் எழுத்து மூலம் உறுதியளித்தனர். மேல் மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பதாக அதிற் கண்டிருந்தது. அவ்வுறுதியைக் கையிற் கொண்டே அருணாசலம் யாழ்ப்பாணத்தாரை இணங்கச் செய்தார். 1919 டிசெம்பர் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றிற்று. முதல் தலைவர் ஒரு தமிழர்.

1921ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. அந்த ஆசனம் வரவில்லை. கொழும்பு நகரத் தொகுதியில் அருணாசலம் நிற்பார் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, காங்கிரஸின் ஆதரவோ ஜேம்ஸ் பீரிசுக்குப் போயிற்று. உறுதி தந்தவரே ஆசனத்தையும் பெற்றார். தாம் நிறுவிய சபையை விட்டு அருணாசலம் வெளியேறினார். அவ்வாண்டே தமிழர் மகாசன சபை எழுந்தது. 1923இல் அவர் இலங்கைத் தமிழ் லீக்கைத் தொடங்கினார்.

இதனாலே தெற்கில் அவரை இனவாதி என்பாருமுளர். நம்மிடையே அவரைத் தனிநாட்டுக்கு அடிகோலியவர் என்று கொண்டாடுவாருமுளர். இரு சாராரும் 1921க்கு முந்திய நாற்பதாண்டு உழைப்பை மறந்தே பேசுகின்றனர் என்பது எம் கருத்து. ஓர் ஆசனம் பெரிய பொருளன்று. ஆயினும் வாக்குறுதி காக்கப்படுமா என்று அறிய அதுவே முதற் சோதனையாய் அமைந்தது. பிற நாடுகளிலும் இவ்வண்ணமே நிகழ்ந்ததுண்டு. கயானாவில் செத்தி ஜகனும் போர்ப்ஸ் பேர்ணமும் 1950இல் ஒன்றாய் வளர்க்கத் தொடங்கிய கட்சி 1955இல் பிளந்தது. பின்னர் இந்திய வமிசத்தார் ஒருபுறமும் ஆபிரிக்க வமிசத்தார் மறுபுறமுமாய்ப் பிரிந்து நின்றனர். இங்கோ 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இலும் 1983இலும் தெற்கிலிருந்த தமிழர் கடைகள் எரிந்தன. தீவகத்தில் அந்நெருப்பின் கதையை அறியாத வீடு அரிது.

அருணாசலம் இவற்றைக் காணவில்லை. தென்னிந்தியத் திருத்தல யாத்திரை சென்றவர் 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி மதுரையிலே சிவபதம் எய்தினார். பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் பாடுபட்டவர் பெயரைப் பேராதனையில் ஒரு மாணவர் விடுதி தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்த அதே ஆண்டின் இறுதியிலே யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினர். அதுவே பின்பு வாலிப காங்கிரஸ் ஆயிற்று. அவர்களிற் பலர் மிஷன் கல்லூரிகளிற் படித்தவர்கள். முழு இலங்கைக்கும் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, டொனமூர் திட்டத்தின் கீழ் 1931இல் நடந்த தேர்தலைப் பகிஷ்கரிக்க அவர்கள் அழைத்தனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகியவற்றோடு நம் ஊர்காவற்றுறைத் தொகுதியிலும் அவ்வாண்டு நியமனப் பத்திரம் எவரும் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அரசாங்க சபையில் நமது கதிரை வெறுமையாய்க் கிடந்தது.