எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் ஒரு பத்திரிகை

இந்த மாதம் நம்ம சுவர் இதழில் நான் எழுதுவது ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் அவர்களின் வாழ்க்கை. டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் அந்தப் பேப்பரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது ஏன் அப்படி ஒரு தமிழில் எழுதப்பட்டது என்று யோசித்திருக்கிறீர்களா?

பிறப்பும் படிப்பும்

திருச்செந்தூர் பக்கத்தில் காயாமொழி என்ற கிராமத்தில் 27.9.1905 அன்று பிறந்தார். அப்பா சிவந்தி ஆதித்தன் ஒரு வக்கீல். அம்மா கனகம் அம்மாள். ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சி புனித வளனார் கல்லூரியில் கல்லூரிப் படிப்பு. பிறகு கப்பல் ஏறி லண்டன் போய் பாரிஸ்டர் பட்டம் வாங்கினார். சிங்கப்பூரில் வக்கீல் தொழில் செய்தார். 1933-ல் கோவிந்தம்மாள் அவர்களை அங்கேயே திருமணம் செய்துகொண்டார்.

இரண்டு வகைப் பத்திரிகை

இங்கிலாந்தில் பத்திரிகைகள் இரண்டு வகை. பெரிய தாளில் வருவது பிராட்ஷீட். அதில் நீளமான வாக்கியம், நிதானமான நடை, அரசியல், வியாபாரம் எல்லாம் இருக்கும். அதில் பாதி அளவுத் தாளில் வருவது டேப்ளாய்டு. அதில் கொட்டை எழுத்துத் தலைப்பு, பெரிய படம், சின்னச் சின்ன வாக்கியம். டேப்ளாய்டு என்பது முதலில் ஒரு மருந்துக் கம்பெனி 1884-ல் தன் மாத்திரைக்கு வைத்த பெயர். மருந்தைச் சுருக்கி மாத்திரை ஆக்குவது போல செய்தியைச் சுருக்கித் தருவதால் பத்திரிகைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

‘டெய்லி மிர்ரர்’ என்ற லண்டன் பத்திரிகையைத்தான் ஆதித்தனார் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

தந்தி பிறந்தது

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ஊர் திரும்பினார். 1942 நவம்பர் 1-ம் தேதி மதுரையில் ‘தந்தி’ வெளிவந்தது. பிறகு அது ‘தினத்தந்தி’ ஆனது. போர்க்காலத்தில் காகிதம் கிடைப்பதே கஷ்டம். வைக்கோலில் கூழ் காய்ச்சி கையாலேயே காகிதம் செய்து பத்திரிகை அச்சடித்தார் என்கிறார்கள்.

பெயரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் தந்தி அடிக்க ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. அதனால் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள். 2013-ல் தந்தி சேவையே நின்றுவிட்டது. நம்மில் யாரும் தந்தியைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெயர் பத்திரிகையில் நிலைத்துவிட்டது.

என்ன மாற்றம் செய்தார்?

அப்போது பல பத்திரிகைகளில் தலைவருக்கு ‘அக்கிராசனர்’, செயலாளருக்கு ‘காரியதரிசி’, வேட்பாளருக்கு ‘அபேட்சகர்’ என்று எழுதுவார்கள். படித்தவர்களுக்குப் புரியும். வயலில் வேலை செய்கிறவருக்கு எப்படிப் புரியும்? ஆதித்தனார் மக்கள் பேசுகிற தமிழிலேயே எழுதச் சொன்னார். ஆனால் கொச்சையை நீக்கிவிட்டு எழுத வேண்டும் என்றும் சொன்னார். நிருபர்களுக்காக ‘இதழாளர் கையேடு’ என்ற புத்தகமே எழுதினார்.

வித்தியாசம் தெரிய நானே ஒரு செய்தியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: நேற்று முன்தினம் பெய்த கனமழையின் காரணமாக ஏரிக்கரையில் உடைப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து, தாழ்வான பகுதிகளில் வசித்துவந்த பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர்.

இரண்டாம் விதம்: ஏரி உடைந்தது! ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

எங்க ஆச்சி அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்தவர். இரண்டையும் படிக்கக் கொடுத்தேன். முதல் செய்தியில் ‘தொடர்ந்து’ வரைக்கும் எழுத்துக்கூட்டி வந்துட்டு, ஆரம்பத்தில் என்ன இருந்தது என்று என்னையே கேட்டார். இரண்டாவதைப் படித்து முடித்ததும், எந்த ஊர் ஏரி என்று பதறிப்போய்க் கேட்டார். புயல் எச்சரிக்கை, ரேஷன் கார்டு செய்தி, தடுப்பூசி முகாம் எல்லாம் ஆச்சி மாதிரி ஆட்களுக்குத்தானே முதலில் போய்ச் சேர வேண்டும்?

குறை சொன்னவர்களும் உண்டு

தமிழை மட்டமாக்கிவிட்டார் என்று சில பேர் சொன்னார்கள். கொலை, கொள்ளைச் செய்திகளை ‘சதக் சதக்’ என்று கத்திச் சத்தத்தோடு எழுதுவது சரியா என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. செத்துப்போனவர் வீட்டிலும் அந்தப் பேப்பரைப் படிப்பார்கள் இல்லையா? எளிமையாக எழுதுவது வேறு, பரபரப்பாக எழுதுவது வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் குறைக்கலாம்.

தாளின் அளவுக்கும் நடைக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் உண்மை. தினத்தந்தி பெரிய தாளில்தான் வந்தது, நடைதான் டேப்ளாய்டு. லண்டனின் பழைய ‘டைம்ஸ்’ பத்திரிகை 2004-ல் சின்னத் தாளுக்கு மாறியது, ஆனாலும் அதைக் கனமான பத்திரிகை என்றுதான் சொல்கிறார்கள்.

பிற பணிகள்

1958-ல் ‘நாம் தமிழர்’ இயக்கம் தொடங்கினார். 1965-ல் திருச்செந்தூரில் இவர் பெயரில் கல்லூரி தொடங்கப்பட்டது. 1967-ல் சட்டப்பேரவைத் தலைவர் ஆனார். அவை தொடங்கும்போது திருக்குறள் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான். பிறகு அமைச்சராகவும் இருந்தார். 24.5.1981 அன்று காலமானார்.

பாரிஸ்டருக்குப் படித்தவருக்குக் கடினமான தமிழ் எழுதத் தெரியாதா? தெரியும். இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிப்பவரை மனதில் வைத்து எழுதச் சொன்னார். நம்ம சுவர் இதழை ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் நின்று படிக்கிறார்கள். அடுத்த மாதம் எழுதப்போகிறவர்கள், எழுதி முடித்ததும் அவர்களில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எந்த வார்த்தையில் தடுக்குகிறதோ, அந்த வார்த்தையை மாற்றுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி